அவசரத்தில் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்வது எப்படி?

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர், சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியாக வசிக்கும் தம் பெற்றோரை மனத்தில் வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். இரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தாலோ, அம்மா வழுக்கி விழுந்தாலோ, வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினால் ஆம்புலன்ஸ் நேராக வீட்டுக்கு வந்துவிடுமா, அல்லது வேறு ஏற்பாடு வேண்டுமா என்பது கேள்வி. லொகேஷன் அனுப்புவது நல்லதுதான். ஆனால் அதை மட்டுமே நம்பியிருப்பது நல்லதல்ல. ஒரே இடத்தை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விதங்களில் சொன்னால்தான், ஒன்றில் பிழை நேர்ந்தாலும் மற்றொன்றை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியும். வாயால் சொல்லும் முகவரி ஒன்று, வரைபடப் புள்ளி மற்றொன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இவருடைய நிலைமையில் முதலில் கவனிக்க வேண்டியது வரைபடமே அல்ல. 108 என்ற எண் பல மாநிலங்களில் இருந்தாலும், அழைப்பை எடுப்பது அழைப்பவர் இருக்கும் மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறைதான். பெங்களூரிலிருந்து 108-ஐ அழைத்தால் கர்நாடகத்தின் மையம்தான் எடுக்கும். அங்கே இருப்பவர் சிவகங்கைக்கு வண்டி அனுப்ப முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணே பயன்படாது. காவல், தீயணைப்பு, மருத்துவம் என எல்லா அவசரத்துக்கும் பொதுவான 112 என்ற எண்ணுக்கும் இதே நிலைதான். ஆகவே, தொலைவிலிருந்து நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஏற்பாடு, ஊரில் பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரின் எண்களை வைத்திருந்து, அவர்களில் ஒருவர் 108-ஐ அழைக்கும்படி செய்வதுதான். ஒரே ஒருவரை மட்டும் நம்ப வேண்டாம். அன்றைக்கென்று அவர் வெளியூர் போயிருக்கக்கூடும்.

நீங்கள் தமிழ்நாட்டுக்குள்ளேயே வேறு ஊரில் இருந்தால், உதாரணமாகச் சென்னையில், அழைப்பு தமிழ்நாட்டு மையத்துக்கே போகும். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. அழைக்கும் அலைபேசியின் இருப்பிடம் மையத்தின் திரையில் தெரிந்தால் அது சென்னையைக் காட்டும். உங்கள் அலைபேசி இருக்கும் இடம் வேறு, நோயாளி இருக்கும் இடம் வேறு. எனவே பேசத் தொடங்கியதும், "நான் சென்னையிலிருந்து பேசுகிறேன், நோயாளி சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறார்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். மாநில எல்லையை ஒட்டி இருப்பவர்களும் இப்படித்தான் தொடங்க வேண்டும். ஓசூர், களியக்காவிளை போன்ற இடங்களில் அலைபேசி அண்டை மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அழைப்பும் அங்கேயே போய்ச் சேரலாம்.

அடுத்தது முகவரி. கேள்வி கேட்டவரின் ஊரையே எடுத்துக்கொள்வோம். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாகவே ஆன திருப்பத்தூர் ஒன்று இருக்கிறது. திருச்சிக்கு அருகே பிரம்மபுரீசுவரர் கோயில் உள்ள திருப்பட்டூரையும் பேச்சுவழக்கில் பலர் திருப்பத்தூர் என்றே சொல்கிறார்கள். பதற்றத்தில் வெறுமனே "திருப்பத்தூர்" என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? புதூர், நல்லூர், மேலூர் என்ற பெயர்களில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்பதைச் சொல்லவே வேண்டாம். எனவே பெரியதிலிருந்து சிறியதை நோக்கி, மாவட்டம், வட்டம், ஊராட்சி, ஊர், தெரு என்ற வரிசையில் சொல்வதே நல்லது. கடிதத்தில் முகவரி எழுதும்போது கதவு எண்ணில் தொடங்கி மாவட்டத்தில் முடிப்போம். தொலைபேசியில் அதைத் தலைகீழாக்க வேண்டும். இணைப்பு பாதியில் அறுந்துபோனாலும் மாவட்டமும் வட்டமும் போய்ச் சேர்ந்திருந்தால் வண்டியைக் கிளப்பிவிடலாம். கதவு எண் மட்டும் போய்ச் சேர்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

2019, 2020 ஆண்டுகளில் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, மயிலாடுதுறை ஆகியவையும் தனி மாவட்டங்களாயின. பழைய மாவட்டப் பெயரையே சொல்லிப் பழகிய முதியவர்கள் அங்கெல்லாம் இன்னும் இருக்கிறார்கள். சென்னையில் இந்தக் குழப்பம் வேறு வடிவில் வருகிறது. ஒரே கதவில் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கும்; இரண்டையும் சொல்லி, எது பழையது எது புதியது என்றும் சொல்ல வேண்டும். காந்தி தெரு, பிள்ளையார் கோயில் தெரு, முதல் குறுக்குத் தெரு ஆகியவை ஏறக்குறைய ஒவ்வொரு பேட்டையிலும் உண்டு என்பதால், நகரின் எந்தப் பகுதி என்பது தெருப் பெயரைவிட முக்கியம்.

அடையாளம் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. உள்ளூர்க்காரருக்கு மட்டும் தெரிந்த அடையாளத்தால் பயனில்லை. "பழைய ரைஸ்மில் இருந்த இடம்" என்பது அந்த ஊரில் பிறந்தவருக்குத்தான் புரியும். இரவில் முதன்முறையாக வரும் ஓட்டுநரின் கண்ணில் படுபவை பெட்ரோல் பங்க், தண்ணீர்த் தொட்டி, அரசுப் பள்ளி, ரேஷன் கடை, தேவாலயம், பள்ளிவாசல், கோயில் கோபுரம் ஆகியவைதான். அடையாளத்தோடு திசையும் தொலைவும் சேர்ந்திருக்க வேண்டும்: "மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பி, மூன்றாவது வீடு, பச்சை கேட்." எந்த ஊரிலிருந்து வரும்போது இடப்பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். இது சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும், வழி சொல்வதில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கின்றன என்பது என் எண்ணம்.

இனி வரைபடப் புள்ளிக்கு வருவோம். அலைபேசி தன் இடத்தைப் பல வழிகளில் அறிந்துகொள்கிறது. கோபுரத்தை மட்டும் வைத்துக் கணித்தால் நகரத்தில் சில நூறு மீட்டரும் கிராமப்புறத்தில் சில கிலோமீட்டரும் தவறக்கூடும். செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், திறந்த வானத்தின் கீழ் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். கான்கிரீட் கூரைக்குக் கீழே, அடுக்குமாடிகளுக்கு இடையே, அடர்ந்த தோப்புக்குள், இந்தத் துல்லியம் குறைந்துவிடும். அதனால் முடிந்தால் வாசலுக்கோ மொட்டைமாடிக்கோ வந்து, வரைபடத்தில் நீலப் புள்ளியைச் சுற்றியுள்ள வெளிர்நீல வட்டம் சுருங்கும்வரை சில நொடிகள் காத்திருந்து, அதன் பிறகு அனுப்புவது நல்லது. அந்த வட்டம்தான் "இதற்குள் எங்கோ இருக்கிறீர்கள்" என்று அலைபேசி ஒப்புக்கொள்ளும் எல்லை. வட்டம் ஊரையே மூடிக்கொண்டிருக்கும்போது அனுப்பிய புள்ளியை நம்பி வருபவர் பக்கத்து ஊரில் போய் நிற்பார்.

இதில் பலர் கவனிக்காத ஓர் அமைப்பு இருக்கிறது. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஐஃபோனிலும், 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் ஆண்ட்ராய்டு அலைபேசிகளிலும், ஒவ்வொரு செயலிக்கும் துல்லியமான இருப்பிடத்தைத் தருவதா, தோராயமானதைத் தருவதா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். தனியுரிமையைக் கருதி எப்போதோ "தோராயமானது" என்று தேர்ந்தெடுத்திருந்தால், வாட்ஸ்அப்போ கூகுள் மேப்ஸோ உங்களைச் சில கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ வைத்துத்தான் காட்டும். பெற்றோரின் அலைபேசியில் செட்டிங்ஸுக்குள் போய், இந்த இரண்டு செயலிகளுக்கு மட்டுமாவது துல்லிய இருப்பிடம் இயங்குகிறதா என்று அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பார்த்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பும் திரையில் மூன்று வகைத் தேர்வுகள் உண்டு. இப்போதிருக்கும் இடத்தை அனுப்புவது ஒன்று. அதில் எத்தனை மீட்டர் வரை துல்லியம் என்ற குறிப்பும் தெரியும். நேரலை இருப்பிடத்தைப் பகிர்வது இரண்டாவது. அதற்கு 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று கால அளவு கொடுக்கலாம். மூன்றாவது, கீழே பட்டியலாக வரும் அருகிலுள்ள கடைகள், கோயில்கள். அவசரத்தில் விரல் தவறி இந்த மூன்றாவதைத் தொட்டுவிட்டால், உங்கள் வீட்டுக்குப் பதிலாக அரை கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கடையின் இடம் போய்விடும். வீட்டில் இருப்பவருக்கு முதல் தேர்வே போதும்; நேரலை என்பது நகர்ந்துகொண்டிருப்பவருக்கு உரியது. நோயாளியைக் காரில் ஏற்றி வந்து வழியில் ஆம்புலன்ஸுக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் அது மிகவும் உதவும், ஆனால் இரு முனையிலும் இணையம் இருக்க வேண்டும்.

லொகேஷனை யாருக்கு அனுப்புவது என்பதும் தெளிவாக வேண்டும். 108-ஐ அழைத்துப் பேசும்போது முகவரியை வாயால்தான் சொல்லப் போகிறீர்கள். வண்டி ஒதுக்கப்பட்ட பிறகு அதன் ஊழியர்கள் வழி கேட்டு அழைப்பது வழக்கம். 108-இல் ஓட்டுநரை பைலட் என்பார்கள். அந்த நேரத்தில் அவரிடமே வாட்ஸ்அப் எண்ணைக் கேட்டு அனுப்பலாம். அதனால் 108-ஐ அழைத்த அலைபேசியை வேறு பேச்சில் ஈடுபடுத்தாமல் வைத்திருக்க வேண்டும். உறவினர்களுக்குச் செய்தி சொல்ல வேறொரு போனைப் பயன்படுத்துங்கள். பைலட் அழைக்கும்போது உங்கள் எண் பிஸியாக இருந்தால் இவ்வளவு ஏற்பாடும் வீண்.

இணையம் இல்லாவிட்டால் என்ன செய்வது? செயற்கைக்கோள் வழி இடமறிதலுக்கு இணையம் தேவையில்லை. வரைபடப் படத்தைக் கொண்டுவருவதற்குத்தான் அது தேவை. இணையம் இல்லாதபோது முதல் கணிப்புக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம், அவ்வளவுதான். ஐஃபோனின் திசைகாட்டிச் செயலி அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கீழே காட்டும். கூகுள் மேப்ஸில் ஓரிடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் தோன்றும். அவற்றைக் குறுஞ்செய்தியில் அனுப்பலாம். பேச்சுக்குப் போதாத பலவீனமான சிக்னலிலும் குறுஞ்செய்தி நழுவிப் போய்ச் சேர்ந்துவிடுவது உண்டு. சரிபார்க்கவும் ஓர் எளிய வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் எங்கிருந்தாலும் முதல் எண் 8-க்கும் 13-க்கும் இடையிலான எண்ணில் தொடங்கும், இரண்டாவது 76-க்கும் 80-க்கும் இடையிலான எண்ணில் தொடங்கும். திருவரங்கம் கோயில் ஏறத்தாழ 10.86, 78.69. இதை முன்பின்னாக மாற்றிச் சொன்னால், ஆர்க்டிக் பகுதியில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார் தீவுகளின் பக்கம் போய்விடுவோம். புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கங்கள் சொல்ல வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு: மூன்று இலக்கம் சொன்னால் சுமார் 110 மீட்டர் வரை நுணுக்கம் கிடைக்கும், நான்கு சொன்னால் 11 மீட்டர், ஐந்து சொன்னால் ஒரு மீட்டர். நான்கோ ஐந்தோ போதும். அதற்கு மேல் உள்ளவற்றைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். சில கருவிகள் டிகிரி, மினிட், செகண்ட் என்று காட்டும். சில தசம எண்ணாகக் காட்டும். 10 டிகிரி 30 மினிட் என்பது 10.5, அதை ஒருவர் 10.30 என்று எழுதிக்கொண்டால் இடம் 22 கிலோமீட்டர் தள்ளிப்போகும். ஆகவே "புள்ளி" என்ற சொல்லையோ "மினிட்" என்ற சொல்லையோ விழுங்காமல் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இந்த எண்களுக்கு மாற்றாகச் சில குறியீட்டு முறைகளும் வந்திருக்கின்றன. கூகுள் மேப்ஸில் முகவரியில்லாத இடங்களுக்குக் காணப்படும் பிளஸ் கோடு அவற்றில் ஒன்று. அதன் குறுகிய வடிவத்தில் நான்கு எழுத்துகளை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைச் சேர்ப்பார்கள் என்பதால், திருப்பத்தூர்ச் சிக்கல் அங்கேயும் திரும்பி வரும். முழுக் குறியீட்டையே அனுப்புவது பாதுகாப்பு. இந்திய அஞ்சல் துறை, ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் ஆகியவை சேர்ந்து உருவாக்கி 2025-இல் வெளியிட்ட டிஜிபின், நாட்டையே ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. வாட்த்ரீவேர்ட்ஸ் என்ற செயலி மூன்று சொற்களால் மூன்று மீட்டர் சதுரத்தைக் குறிக்கிறது. ஆனால் ஒலியில் நெருங்கிய சொற்களால் தவறான இடங்கள் பதிவாகின்றன என்று 2021-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மலைமீட்புக் குழுக்களே கவலை தெரிவித்தன. என் மதிப்பீட்டில், மறுமுனையில் இருப்பவர் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்துகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய, இவை எவையும் பேச்சில் முதல் தேர்வாக இருக்கக் கூடாது. எண்களைத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னால் யாருக்கும் புரியும். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த பத்து எழுத்துகளைப் பதற்றத்தில் ஒப்பிப்பது அவ்வளவு எளிதல்ல.

112-ஐ அழைத்தாலே இருப்பிடம் தானாகப் போய்விடும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. அது முற்றிலும் பொய்யல்ல. 2017 சனவரி முதல் இந்தியாவில் விற்கப்படும் அலைபேசிகளில் அவசரப் பொத்தானும், 2018 சனவரி முதல் ஜிபிஎஸ்ஸும் இருக்க வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. பவர் பட்டனை அடுத்தடுத்து மூன்று முறை அழுத்துவது, சில மாடல்களில் ஐந்து முறை அழுத்துவது, பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ நீளமாக அழுத்துவது ஆகியவை அந்த ஏற்பாட்டின் பகுதிகள். அழைக்கும்போதே துல்லியமான இடத்தை அனுப்பும் தொழில்நுட்பமும் ஆண்ட்ராய்டில் 2016 முதலும் ஐஃபோனில் 2018 முதலும் இருக்கிறது. ஆனால் அலைபேசியில் வசதி இருப்பது மட்டும் போதாது. அந்தத் தகவலை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அழைப்பு மையத்திலும் இருக்க வேண்டும். அது உங்கள் மாவட்டத்தில், உங்கள் போனில், அந்த நிமிடத்தில் இயங்கும் என்று வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டாம். பேச முடியாத நிலையில் இருப்பவருக்கு அது வரம். பேச முடிந்தவர் பேச வேண்டும்.

வீட்டில் அல்லாமல் சாலையில் விபத்து என்றால் நிலைமை மாறும். அங்கே கதவு எண் கிடையாது, ஆனால் அதைவிட நம்பகமானது ஒன்று இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலையில் பச்சைத் தலை கொண்ட கிலோமீட்டர் கற்கள் நட்டிருப்பார்கள். அவற்றுக்கு இடையே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்களும் இருக்கும். அருகிலுள்ள கல்லின் எண்ணையும், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் பக்கம் என்பதையும் சொன்னால் இடம் உறுதியாகிவிடும். நான்குவழிச் சாலையில் பக்கத்தைச் சொல்லாவிட்டால், ஆம்புலன்ஸ் நடுத் தடுப்புக்கு அப்புறம் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். திரும்பி வர அடுத்த இடைவெளி பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். நெடுஞ்சாலைகளின் எண்கள் 2010-இல் மாற்றப்பட்டதால், விழுப்புரம் - திருச்சி சாலையைச் சிலர் இன்னும் 45 என்பார்கள், பலகையில் 38 என்றிருக்கும்; சாலை எண்ணைவிட இரண்டு பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொல்வதே மேல். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1033 என்ற தனி உதவி எண்ணும் உண்டு.

ரயிலில் செல்பவர் வரைபடப் புள்ளியை அனுப்புவதால் பெரும்பாலும் பயனில்லை. அதைத் திறந்து பார்ப்பதற்குள் வண்டி இரண்டு நிலையங்களைத் தாண்டியிருக்கும். ரயில்வேயின் உதவி எண்ணான 139-ஐ அழைத்து வண்டி எண், பெட்டி, இருக்கை எண், அடுத்து வரும் நிலையம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தின் ஓரத்தில் இருப்பவர் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கலாம். கிலோமீட்டர் எண்ணும் அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை எண்ணும் அதில் இருக்கும்.

கடலில் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். படகில் உள்ள ஜிபிஎஸ் பெரும்பாலும் டிகிரியையும் தசம மினிட்டையும் காட்டும். ஓர் அட்சரேகை மினிட் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், என்பதால் மீனவர்களுக்கு அந்த முறையே கைவந்தது. அதைத் தசம டிகிரியாக மாற்ற முயலாமல், திரையில் உள்ளபடியே கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கோ படகின் விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனலிலோ படிப்பதே சரி. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவியின் இரண்டாம் தலைமுறை 2024-இல் வந்தது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது கடலில் தத்தளிப்பவருக்கே தெரியும்படி இந்தியாவின் சொந்த இடமறிதல் அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள்கள் வழியாகப் பதில் அனுப்பும் வசதி அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அடுக்குமாடியில் வசிப்பவர்களுக்கு ஒரு சொல். எந்தப் புள்ளியும் மாடி எண்ணைச் சொல்லாது. பிளாக், தளம், லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்பது, எந்த கேட் இரவில் திறந்திருக்கும் என்பது ஆகியவற்றை வாயால்தான் சொல்ல வேண்டும். வரைபடம் சில நேரம் பின்பக்கச் சுற்றுச்சுவர் வரை கொண்டுவந்து விட்டுவிடும். அதனால் அனுப்பும் புள்ளி உங்கள் வீட்டின் மேல் இருப்பதைவிட, வண்டி நுழையும் வாசலின் மேல் இருப்பது நல்லது. கிராமத்திலும் இதே கதைதான்: வீடு வயலுக்கு நடுவே இருந்தால், வண்டி வரக்கூடிய கடைசி இடத்தைக் குறித்து அனுப்பி, அங்கே ஒருவரை டார்ச்சோடு நிறுத்த வேண்டும்.

கேள்வி கேட்டவர் இந்த வாரமே செய்யக்கூடியது இது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் மாவட்டம், வட்டம், ஊராட்சி, ஊர், தெரு, வாசலில் நின்று எடுத்த அட்சரேகை தீர்க்கரேகை எண்கள், பெரிய சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி, பக்கத்து வீட்டார் இருவரின் எண்கள் ஆகியவற்றை எழுதி, பெற்றோர் வீட்டில் தொலைபேசிக்கு அருகே சுவரில் ஒட்டச் செய்யுங்கள். அதே தாளைப் படமெடுத்து அந்தப் பக்கத்து வீட்டாருக்கும் அனுப்பிவையுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டின் முகவரியே நாக்கில் வராமல் போவது உண்டு. தாளைப் பார்த்துப் படிப்பது யாராலும் முடியும். வீட்டைக் கூகுள் மேப்ஸில் சேமித்து உங்கள் போனிலும் வைத்திருங்கள். ஆனால் அந்தப் புள்ளி கூரை மேல் இருக்கிறதா, தெரு மேல் இருக்கிறதா என்று ஒருமுறை செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

வெள்ளம், புயல் போன்ற பேரிடரில் உதவி கேட்டுச் சமூக ஊடகத்தில் இருப்பிடத்தை வெளியிட நேர்ந்தால், தேதியும் நேரமும் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்பதும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். 2015 சென்னை வெள்ளத்தில் இத்தகைய வேண்டுகோள்கள் கைமாறிக் கைமாறிப் பரவின. நேரம் குறிக்காத ஒரு வேண்டுகோள், அந்த வீட்டார் பத்திரமாக வெளியேறிய பிறகும் படகுகளை அங்கே இழுத்துக்கொண்டிருக்கும். மீட்கப்பட்டதும் அதே பதிவில் "மீட்கப்பட்டோம்" என்று நேரத்தோடு எழுதி, பகிர்ந்தவர்களிடமும் சொல்லி நிறுத்தச் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த நேரலை இருப்பிடத்தையும் அப்போதே அணைத்துவிடலாம்.